சின்ன ஃபோர் வீல், வேட்டைத் தடம்: மறக்க முடியாத ஒரு காட்சி

சகதித்தடம்:
மழை விட்டு இரண்டு மணி நேரம். களிமண் ஏற்றம், குறுக்கே ஓடை அரித்த பள்ளம். முன்னால் போன இரண்டு டன் பிக்கப் மேல்மண்ணைக் கிழித்துக்கொண்டு இறங்கி, சேஸிஸ் தட்டி உட்கார்ந்துவிட்டது. ஒரு முழம் தள்ளி, 1,100 கிலோ சுசுகி ஜிம்னி, லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கூடுதல் பல்சக்கரம்) போட்டு, இரண்டாம் கியரில் அலட்டாமல் ஏறிப் போனது. அதன் டயர் தடம் இரண்டு விரல் ஆழம்கூட இல்லை. அந்த இரண்டு தடமும் பக்கம் பக்கமாகக் கிடந்ததுதான் கண்ணை விட்டுப் போகவில்லை.

சின்ன வண்டி தேடுபவர்கள் குதிரைத்திறனைப் பார்க்க வேண்டாம், பல்சக்கரக் கணக்கைப் பாருங்கள். 2018இல் வந்த 1.5 லிட்டர் மேனுவல் ஜிம்னியில் முதல் கியர் 4.425, லோ ரேஞ்ச் 2.002, டிஃப் (ஆக்ஸில் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) 4.09. பெருக்கினால் 36. என்ஜின் 36 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் என்ஜின் பிடியிலேயே இறங்கலாம். லோ ரேஞ்ச் இல்லாத கிராஸ்ஓவர் (கார் அடித்தளத்தில் கட்டிய உயரமான வண்டி) இந்த வேலைக்கு ஆகாது. செங்குத்தான சகதியில் பத்து நிமிடம் திணறினாலே பின்சக்கரத்துக்குப் பலம் அனுப்பும் கிளட்ச் சூடாகி விலகிக்கொள்ளும்.

ஹப்பைப்பார்:
டேஷில் ஃபோர் வீல் விளக்கு எரிகிறது. பின்சக்கரம் குழி தோண்டுகிறது. முன்சக்கரம் இரண்டும் சிலை மாதிரி நிற்கின்றன! ஓட்டுபவர் விளக்கை நம்பி மிதித்துக்கொண்டே இருந்தார், பின் ஆக்ஸில் மண்ணில் படியும்வரை. முன்சக்கரத்தை அதன் டிரைவ் ஷாஃப்டோடு இணைப்பது ஹப்; இது வேக்குவத்தில் (காற்று உறிஞ்சலில்) பூட்டும் வகை. ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருந்தது, அவ்வளவுதான்.

பழைய வண்டி வாங்கப் போனால் இதைச் செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். என்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரல், ட்ரான்ஸ்ஃபர் லீவர் 4எச்சில் (நான்கு சக்கர ஓட்டம், சாதாரண ரேஞ்ச்). ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் இரண்டு ஹப்பும் பூட்டியிருக்கின்றன. லேசாகச் சுற்றினால், ஷாஃப்ட் வெளியே தெரியும் வண்டியில் அந்தப் பக்கத்து டிரைவ் ஷாஃப்டைக் கவனியுங்கள். ஷாஃப்டும் கூடவே சுற்றினால் கோளாறு எதிர்ப்பக்க ஹப்பில். சக்கரம் மட்டும் சுற்றினால் இந்தப் பக்கத்து ஹப்பிலேயே. குழாய் மாற்றியும் தீராவிட்டால் கையால் திருப்பும் ஹப் போட்டுவிடுங்கள். உள்ளே கிரீஸைத் திணிக்காதீர்கள், குளிரில் இறுகிப் பூட்டவிடாது.

எடைக்கணக்கு:
@சகதித்தடம், நீங்கள் பார்த்தது காலி வண்டி. அதே ஏற்றத்தில் வேட்டை முடித்துத் திரும்பும் வண்டியைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். பின்னால் ஹிட்சில் (டிரெய்லர் இணைக்கும் பொருத்தியில்) மாட்டிய தட்டில் 90 கிலோ காட்டுப்பன்றி. பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் பிடி விட்டு, ஸ்டியரிங் திரும்பினாலும் வண்டி நேராக ஓரத்துப் பள்ளத்தை நோக்கி நழுவியது.

காரணம் வெறும் நெம்புகோல். வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம்) 2.25 மீட்டர். பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 90 கிலோ தொங்கினால் முன் ஆக்ஸிலில் 40 கிலோ குறைகிறது, பின்னால் 130 ஏறுகிறது. 49 டிகிரி டிபார்ச்சர் ஆங்கிள் (வண்டியின் பின்புறம் தரையில் இடிக்காமல் தாண்டக்கூடிய சரிவு) என்ற பெருமையும் அந்தத் தட்டோடு போய்விடும்.

மொத்தச் சுமையையும் கூட்டிப் பாருங்கள். அனுமதித்த மொத்த எடை 1,435, வண்டி 1,135. மீதி 300 கிலோ. பூட்ஸ், உடுப்போடு இரண்டு பேர் 170. துப்பாக்கி, தண்ணீர், கருவி, கயிறு எல்லாம் 60. மிச்சம் 70. மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை. பன்றியை அங்கேயே குடல் எடுத்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும், 90 கிலோ 72 ஆகும், அப்போதும் அந்த 70ஐ இரண்டு கிலோ தாண்டும். பின்சீட்டை மடித்து, முன்சீட்டு முதுகை ஒட்டிப் படுக்க வையுங்கள். அடியில் பத்து சென்டிமீட்டர் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு அவசியம். ரத்தம் கார்ப்பெட்டுக்கு அடியில் போனால் தரைத் தகட்டை அரித்துவிடும். கூரையில் ஏற்றவே ஏற்றாதீர்கள். குறுகலான, உயரமான வண்டி அது. பக்கச் சரிவில் அந்த எடையே கவிழ்த்துவிடும்.

நிவாபிரியன்:
ஹப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? 1977இலிருந்து வரும் லாடா நிவாவில் பூட்டுவதற்கு ஹப்பே கிடையாது, நான்கு சக்கரமும் எப்போதும் ஓடும். ஆனால் நடு டிஃப் (முன், பின் ஆக்ஸிலுக்குப் பலத்தைப் பிரிப்பது) பூட்டை மறந்தால் அதுவும் நின்றுவிடும். ஒரு பின்சக்கரம் அரையடி காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது, மற்ற மூன்றும் அசையவில்லை. நடு டிஃப் திறந்திருந்தால் பலம் முழுக்கக் காற்றில் தொங்கும் சக்கரத்துக்கே போகும். லீவரைச் சகதிக்குள் போன பிறகு தேடாதீர்கள். வெளியிலேயே, மெதுவாக உருளும்போது, ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தபடி போடுங்கள். தார் சாலை வந்ததும் எடுத்துவிடுங்கள். லோ ரேஞ்ச் 2.135, மொத்தப் பெருக்கல் 30க்குக் கொஞ்சம் மேல். ஜிம்னியை விடக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஓடைக்கரை:
நீண்ட ஓட்டத்துக்குப் பின் நேராக ஓடைக்குள் இறங்கியது வண்டி. வீட்டுக்கு வந்து டிஃப் பிளக்கைத் திறந்தால் பால் காப்பி நிறத்தில் ஆயில். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் (ஆக்ஸிலின் காற்றுத் துளை) அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிரீதரில் குழாய் மாட்டி என்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்விடுங்கள்.

வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பெரிய வண்டிக்கான 9,500 பவுண்டு வின்சை ஜிம்னியில் மாட்டுகிறார்கள். அனுமதித்த மொத்த எடை 1,435 கிலோவை ஒன்றரையால் பெருக்கினால் 2,150 கிலோ, 5,000 பவுண்டு வின்ச் போதும். எஃகுக் கயிற்றுக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு போடுங்கள். இரும்பு பம்பரும் பெரிய வின்சும் சேர்ந்தால் முன் ஸ்பிரிங் தொய்ந்து, லேசான வண்டி வாங்கியதற்கே பொருள் இல்லாமல் போகும். இன்னொன்று, இழுவைக் கயிற்றை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில்) மாட்டாதீர்கள். முறிந்தால் குண்டு மாதிரி பறந்து ஆளைக் கொல்லும். சேஸிஸில் போல்ட் போட்ட, இழுவைக்கென்றே செய்த கொக்கி மட்டும்தான்.

சகதித்தடம்:
@எடைக்கணக்கு, ஹிட்ச் கணக்கு சரி, ஏற்கிறேன். டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 195/80 ஆர்15 விட்டம் 693 மில்லிமீட்டர், 235/75 போட்டால் 733. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிது, அந்த 36 இங்கே 34 ஆகிவிடும். அகலத்தைக் கூட்டுவதற்கு முன் காற்றைக் குறைத்துப் பாருங்கள். 26 பிஎஸ்ஐயிலிருந்து சகதிக்கு 16. 12க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் சாலை ஏறியதும் பழைய அளவுக்குக் காற்றடித்த பிறகுதான் வேகம்.