ஏர்லி ஆக்சஸ் கேமில் பெரிய குடும்பம் வளர்க்கலாமா?

தூங்காதவள்:
ஏர்லி ஆக்சஸில், அதாவது முடிக்கும் முன்பே விற்பனைக்கு வந்த ஒரு லைஃப் சிமுலேஷன் கேமை (ஆட்களை உருவாக்கி அவர்கள் வாழ்க்கையை நடத்தும் வகை) ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி ஆடிக்கொண்டிருக்கிறேன். (பெயர் வேண்டாம், ரசிகர் சண்டை வரும்.) பாட்டி, மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்தாயிற்று. போன அப்டேட்டுக்குப் பிறகு சேவ் ஃபைலை (ஆடியதெல்லாம் பதிவாகியிருக்கும் ஃபைல்) திறந்தால், பேத்தியின் உறவுப் பட்டியலில் பாட்டி 'தெரிந்தவர்' என்று இருக்கிறார். குடும்ப மரத்தில் கோடே இல்லை. பாட்டியோ எதுவும் நடக்காத மாதிரி பேத்தி வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து சாப்பிடுகிறார்! இதே குடும்பத்தைத் தொடரலாமா, முழு வெர்ஷன் வரும்வரை மூடி வைக்கலாமா? ரீஃபண்டாவது கிடைக்குமா?

ஒற்றைவிசை:
ரீஃபண்டை மறந்துவிடுங்கள். வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும். ஏர்லி ஆக்சஸுக்கும் இதே கணக்குதான். இந்த வகை கேமில் உருவாக்கும் ஆளின் மூக்கைச் சரிசெய்து முடிக்கவே 2 மணி நேரம் ஆகிவிடும், அது வேறு விஷயம்.

பழையசேவ்:
தொடராதீர்கள். ஷூட்டிங் கேமில் சேவ் போனால் ஒரு லெவல் போகும், அவ்வளவுதான். இங்கே சேவ்தான் கேமே. யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரோடு பேசுவதில்லை என்று நாள்கணக்கில் சேர்ந்ததெல்லாம் அந்த ஃபைலில்தான் கிடக்கிறது. டெவலப்பர்கள் உறவு முறையையோ வயது ஏறும் விதத்தையோ மாற்றி எழுதும்போது, பழைய ஃபைலில் உள்ள தகவல் புதிய அமைப்புக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால் நான் ஏர்லி ஆக்சஸில் சிறுகதை மட்டும்தான் ஆடுவேன்: ஒரு ஆள், ஒரு வேலை, ஒரு காதல், முடிந்தது. உழைப்பையெல்லாம் முகத்திலும் வீட்டிலும் போடுவேன். அவற்றைத் தனியாக கேலரியில் சேமிக்கலாம், சேவ் போனாலும் பெரும்பாலும் தப்பிக்கும்.

அப்புறம், அப்டேட்டுக்கு முன் சேவ் ஃபோல்டரை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். பழைய காப்பியைத் திரும்பப் போடும்போது அந்த கேமுக்கு ஸ்டீம் க்ளவுடை (சேவ் ஃபைலை ஆன்லைனில் வைத்திருக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கெட்டுப்போன சேவ் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளலாம். மோட் (மற்றவர்கள் செய்து கேமில் சேர்க்கும் கூடுதல் ஃபைல்) ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பாதியை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். சரியானால் கோளாறு எடுத்த பாதியில், இல்லாவிட்டால் மீதியில். அதையும் பாதியாக்கித் தேடுங்கள்.

நடுவீடு:
பழையசேவ் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறார். 'முழு வெர்ஷன்' என்றால் மட்டும் எல்லாம் இருக்குமா? தி சிம்ஸ் 4 முழு கேமாகத்தான் 2014 செப்டம்பரில் வந்தது. நீச்சல் குளம் அந்த நவம்பரில் வந்தது. நடை பழகும் குழந்தைகள் 2017 ஜனவரியில்தான்! லைஃப் பை யூ என்ற இதே வகை கேம் ஏர்லி ஆக்சஸ் வாசலைக்கூடத் தொடாமல் 2024 ஜூனில் ரத்தானது. முடியட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆடுங்கள். பக் ரிப்போர்ட் போடும்போது சேவ் ஃபைலையும் இணையுங்கள். 'பாட்டி காணோம்' என்று எழுதினால் மட்டும் அவர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

தூங்காதவள்:
மோட் எதுவும் இல்லை. அப்டேட்டுக்கு முந்தைய காப்பி ஒன்று இருந்தது, அதில் குடும்ப மரத்தின் கோடு சரியாகவே இருக்கிறது. இரண்டு ஃபைலையும் சேர்த்து ரிப்போர்ட் அனுப்பியாயிற்று. வீட்டை கேலரியில் ஏற்றிவிட்டேன். இப்போதைக்குப் புதிதாக ஒரு தனி ஆளைக் குடிவைத்திருக்கிறேன். முழு வெர்ஷன் வரும்வரை அவனுக்குக் கல்யாணம் கிடையாது.