வழிபாட்டில் மொழி குறுக்கே நின்ற வேளை: உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒன்று

உப்பளம், பாடகர் குழு

புதுச்சேரி உப்பளம் கல்லறையில் சென்ற ஆண்டு நடந்தது. கட்டட வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த ஓர் இளைஞர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாததால் இங்கேயே அடக்கம் செய்வதென்று முடிவாயிற்று. அவருடைய மனைவிக்கு இருபது வயதிருக்கும். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது; எங்கள் குழுவில் இந்தி அறிந்தவரும் இல்லை. குருவானவர் சடங்கைத் தமிழிலேயே நடத்தினார், நாங்கள் பாடினோம், அந்தப் பெண் குழியைப் பார்க்காமல் எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கர்த்தர் கற்பித்த செபம் வந்தது. நாங்கள் இப்போதைய வழக்கப்படி “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று தொடங்கினோம். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் மட்டும், எத்தனை முறை திருத்தினாலும், சிறு வயதில் மனப்பாடம் செய்த பழைய செபத்தைத்தான் சொல்வார். பிதாவே, நாமம், இராச்சியம் என்று அவர் குரல் எங்களிடமிருந்து விலகித் தனியே கேட்டது. அந்தப் பெண் சட்டென்று திரும்பினார். பாட்டியின் அருகே வந்து, அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தம் மொழியில் தொடங்கினார்: பிதா, நாம், ராஜ்ய. நாங்கள் முடித்த பிறகும் அவர்கள் இருவரும் முடிக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம்.

எல்லாரோடும் சேர்ந்து சொல்லுங்கள், இல்லையேல் வாய்க்குள் சொல்லுங்கள் என்று அந்தப் பாட்டியைப் பலமுறை கடிந்துகொண்டவள் நான்தான்.

கோரிமேடு, செவிலியர்

நான் கோட்டயத்தில் பிறந்தவள். என் தமிழ் முழுவதும் புதுச்சேரியில் நோயாளிகளின் கட்டிலருகே கற்ற தமிழ். சகோதரி எழுதியதைப் படித்து அழுதேன். எங்கள் மலையாளச் செபத்திலும் ‘பிதாவே’ என்றுதான் அழைக்கிறோம். ஆயினும் மொழிகளுக்குப் பொதுவான சொற்களை நம்பிவிடலாம் என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கேரளத்திலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் இறுதி நிலையில் இருந்தார். ‘கும்பசாரம்’ வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உடனிருந்தவர்களுக்குப் புரியவில்லை. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தைத்தான் கேட்கிறார் என்று நான் சொன்னேன். வந்த குருவானவருக்குத் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே தெரியும். அந்த நள்ளிரவில் மலையாளம் அறிந்த குருவைத் தேடிப் பிடிக்க நேரமில்லை. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்யத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது. 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 990 ஆம் பிரிவு அதைச் சொல்கிறது, அந்த இரகசியத்தைக் காக்கும் கடமை மொழிபெயர்ப்பவருக்கும் உண்டு என்று 983 ஆம் பிரிவு சொல்கிறது. குருவானவர் இதை எனக்கு விளக்கிவிட்டு, திரையை இழுத்து மூடினார்.

நான் முதியவரின் முகத்தைப் பார்க்கவில்லை. குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டு, அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னேன். ஒரே ஒரு சொல்லில் தடுமாறினேன். அதற்கு நான் தமிழில் சொன்ன சொல் சரியானதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளவும் முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருடைய இரகசியம் வெளிவந்துவிடும். அவர் விடியற்காலையில் இறந்தார்.

கப்ஸ் கோயில் பக்கம், ஓய்வுபெற்றவர்

என் தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். அவருடைய நினைவுத் திருப்பலிக்குப் பிரான்சிலிருந்து வந்திருந்த என் தம்பியின் மகன், தமிழ் மன்றாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு படித்தான். ஒரு வரியும் யாருக்கும் விளங்கவில்லை. ‘தாத்தா’ என்ற சொல் மட்டும் தெளிவாக வந்தது, அதில் அவன் குரல் உடைந்தது.

பல மொழி மக்கள் கூடும் பங்குகளுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மறையுரையை வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்காதீர்கள். பத்து நிமிடம் இருபதாகும், இரு தரப்பினருக்கும் பொருள் அறுந்துபோகும். முந்தைய நாளே சுருக்கத்தை வாங்கி, அந்தந்த மொழியில் ஒரு பத்தி அச்சிட்டுக் கையில் கொடுங்கள். மன்றாட்டுகளை மொழிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். தம் மொழியில் ஒரு மன்றாட்டைக் கேட்டவர் அடுத்த ஞாயிறும் வருவார். வாசகத்தை விருந்தினரிடம் கொடுப்பதானால் ஒரு முறையாவது அவரைப் படிக்கச் செய்து கேளுங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பைப் பீடத்தருகே கொண்டுவராதீர்கள். முன்பு வழிபாட்டு மொழியாக இருந்த இலத்தீனையும் முற்றிலும் கைவிட்டிருக்கக் கூடாது என்பது என் கருத்து. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்கு இடம் தந்தது உண்மை. ஆனால் மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க வேண்டும் என்று அதே ஏட்டின் 54 ஆம் பிரிவு கேட்கிறது. அதை நாம் செய்திருந்தால் அந்த ஜார்க்கண்ட் பெண் கல்லறையில் வாய் மூடி நின்றிருக்க மாட்டார்.

கடலூர் முதுநகர்

ஐயா சொல்லும் இலத்தீன் செய்தி எனக்குப் புரிகிறது, ஏனென்றால் எங்களுக்கு அரபு அப்படி இருக்கிறது. ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகையின்போது எங்கள் இமாம் குர்ஆன் வசனம் ஒன்றில் தடைபட்டு நின்றார். மூன்று வரிசை முழுவதும் அமைதி. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் அடுத்த சொற்களை எடுத்துக்கொடுத்தது. இமாம் அதைப் பற்றிக்கொண்டு தொடர்ந்தார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், டைல்ஸ் பதிக்கும் பீகார் இளைஞர்! முழுக் குர்ஆனையும் மனனம் செய்த ஹாபிழ் அவர்.

அதற்காக மொழிச் சிக்கல் தீர்ந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் இரண்டு ஆண்டுகளாக எங்களுடன் தொழுதவர். வெள்ளிதோறும் பயான் என்னும் தமிழ்ச் சொற்பொழிவு முடியும்வரை ஒன்றும் விளங்காமல் தூணருகே உட்கார்ந்திருந்தவர். நோன்புக் கஞ்சியை அவர் கையில் கொடுத்திருக்கிறோம். பெயரை அன்றுதான் கேட்டோம். பொது மொழி தொழுகைக்குள் எங்களைச் சேர்த்தது. செருப்பு மாட்டும் இடத்தில் மறுபடியும் பிரிந்தோம்.

உப்பளம், பாடகர் குழு

கப்ஸ் கோயில் ஐயாவுக்கு: தங்கள் யோசனைகளில் மன்றாட்டைப் பற்றியதைப் பங்குப் பேரவையில் வைப்பேன். ஆனால் அச்சிட்ட தாள் அந்தப் பெண்ணுக்கு உதவியிருக்காது. பதிவேட்டில் அவர் கைநாட்டுதான் வைத்தார். அவரிடம் இருந்தது காதால் கேட்டுப் பழகிய செபம். பாட்டியிடம் இருந்ததும் அதுதான்.

கோரிமேட்டுச் சகோதரி, அந்தச் சொல்லைப் பற்றி நான் எதுவும் கேட்க மாட்டேன்.

அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் கொடுத்த கைப்பேசி எண் இப்போது இயங்குவதில்லை. பாட்டி ஞாயிறுதோறும் என்னிடம் அவரைப் பற்றிக் கேட்கிறார். இப்போது பழைய செபத்தை அவர் உரக்கச் சொல்லும்போது, நான் எங்கள் குழுவின் ஒலிபெருக்கியைச் சற்றுக் குறைத்துவிடுகிறேன்.