மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் பழைய சிந்தசைசர் எதையாவது நேரில் தொட்டிருக்கிறீர்களா?

எனக்கு அது 41 வயதில்தான் வாய்த்தது. நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளியில் இசையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேஸ்மென்ட்டில் ஒரு மினிமோக் வைத்திருக்கிறார். 1970-இல் வந்து, உலகத்தையே சிந்தசைசர் பக்கம் திருப்பிய அதே மாடல் டி. (Moog என்பதை மூக் என்று படிக்காதீர்கள். அதைச் செய்த கம்பெனியின் ராபர்ட் மோக் தன் பெயரை மோக் என்றுதான் சொல்லிவந்தார்.) ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். ஆசையோடு போனால், சுவிட்சைப் போட்டுவிட்டு "வா, காபி குடிக்கலாம்" என்று மாடிக்குக் கூட்டிப்போய்விட்டார். அரை மணி நேரம். மெஷின் சூடேற வேண்டுமாம்.

திரும்பி வந்ததும் ஏ-440 என்று எழுதிய சுவிட்சைப் போட்டார். 440 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் ஓயாமல் ஒலித்தது. அதை வைத்து, உள்ளே ஒலியை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டர்களுக்கும் ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தார். தம்புராவேதான். சேர்ந்த பிறகும் மூன்றுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அலை ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம்தான் மினிமோக்கின் தடித்த குரலுக்குக் காரணம் என்றார். கீபோர்டிலிருந்து போவது வெறும் மின்னழுத்தம். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். பக்கத்துக் கட்டைக்கு வெறும் 83 மில்லிவோல்ட். அதைச் சுருதியாக மாற்றும் டிரான்சிஸ்டர் சூட்டுக்குச் சூடு குணம் மாறும். ஜன்னலைத் திறந்தால் போதும், சுருதி நகர்ந்துவிடும்.

சரி என்று நான் உட்கார்ந்தேன். ஸாவையும் பாவையும் சேர்த்து அழுத்தினேன். ஸா மட்டும்தான் கேட்டது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான், அதுவும் கீழே இருப்பதற்குத்தான் முன்னுரிமை. இடது கைப் பக்கம் இருக்கும் சக்கரத்தை உருட்டித் தோடியின் காந்தாரத்தைப் பிடிக்கப் பார்த்தேன். தோடி வரவில்லை, ஆம்புலன்ஸ் வந்தது.

அப்புறம் எதையோ திருகப்போய், அடிவயிற்றில் இறங்கும் ஒரு சத்தம் கிடைத்தது. இதை எப்படி சேமிப்பது என்று கேட்டேன். சிரித்தார். திருகுகளை வட்டம் வட்டமாகப் போட்டு அச்சடித்த ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தார். ஒவ்வொரு திருகும் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். அடுத்த வாரம் அந்தத் தாளைப் பார்த்து அதே மாதிரி வைத்தேன். வந்த சத்தம் அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. அதே ஆள் இல்லை.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

* * *

நான் தொட்டதில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். 2011, லண்டன் சயன்ஸ் மியூசியம். மகளுக்கு ராக்கெட் காட்டத்தான் போனோம். வழியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புச் சட்டம், அதன் மேல் வரிசையாகப் பத்து பிலிம் பட்டைகள். சினிமாவுக்குப் பயன்படும் அதே 35 மி.மீ. பிலிம். டாஃப்னி ஓரம் என்ற பெண்மணி உருவாக்கிய ஓராமிக்ஸ் இயந்திரம் அது.

பிலிமில் அவர் கையால் கோடு வரைவார். பிலிம் ஓடும்போது கோட்டின் நிழலை ஒளி உணரிகள் படித்து, சுருதியாகவும் சத்தத்தின் ஏற்ற இறக்கமாகவும் மாற்றும். ஒலி அலையின் வடிவத்தைக்கூடத் தனியாகக் கண்ணாடித் துண்டில் வரைந்து செருகுவார். இதெல்லாம் 60களில்! உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தாள் அன்றைய சத்தத்தை நினைவில் வைக்கத்தான். ஓரத்துக்கோ அந்தக் கோடுதான் சத்தமே.

1943-இல் பிபிசியில் சேர்ந்தவர். 1958-இல் நிகழ்ச்சிகளுக்கு மின்னணு ஒலிகளைச் செய்து தர அங்கே ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப் தொடங்கியதற்கு அவரும் ஒரு முக்கியக் காரணம். அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட்டு, கென்ட்டில் ஒரு பழைய வீட்டில் தனியாக இதைச் செய்ய ஆரம்பித்தார். அவருக்குப் பிறகு பிபிசியின் அந்தப் பிரிவுக்கு வந்த டீலியா டெர்பிஷயர் 1963-இல் டாக்டர் ஹூ என்ற டிவி தொடரின் முகப்பிசையைச் சிந்தசைசரே இல்லாமல், டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். மெட்டுப் போட்டவர் ரான் கிரெய்னர். அவரே டெர்பிஷயருக்கும் பங்கு தர வேண்டும் என்று கேட்டும் பிபிசி ஒப்புக்கொள்ளவில்லை. திரையில் டெர்பிஷயர் பெயர் வந்தது 2013-இல், அவர் இறந்து 12 வருஷம் கழித்து. இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

பெட்டிக்குள் இருந்த இயந்திரம் ஓடவில்லை, ஓட்டினால் தாங்காது. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "நான் கோணலாக் கோடு போட்டா கோணலாப் பாடுமா?" என்று கேட்டாள். பாடும் என்று சொன்னேன்.

* * *

தம்பி, அரை மணி நேரம் காபி குடித்தேன் என்று ரசித்து எழுதியிருக்கிறீர்கள். கல்யாண ரிசப்ஷனில் அந்த அரை மணி நேரத்தை யார் கொடுப்பார்கள்? நான் சென்னையில் 30 வருஷம் கீபோர்ட் ரிப்பேர் பார்த்தவன். எங்களுக்குக் குலதெய்வம் யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர். வந்தது 1983-இல். சுவிட்சைப் போட்ட உடனே சுருதி சுத்தம், ஒரே நேரத்தில் 16 ஸ்வரம், உள்ளே 32 சத்தங்களைச் சேமிக்கலாம். பழைய ஆட்கள் அதைக் குளிர்ந்த சத்தம் என்பார்கள். அது கேட்கிறவர் காதைப் பொறுத்தது.

அதன் சூட்சுமம் பாடத் தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும். ஸ்வரத்தை அசைத்தால் கமகம். அந்த அசைவையே நொடிக்கு 20 தடவைக்கு மேல் வேகமாகக் கொண்டுபோனால் அசைவு காதுக்குத் தெரியாது, ஒலியின் நிறமே மாறிவிடும். 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் கம்ப்யூட்டரில் வைப்ரேட்டோவை, அதாவது அந்த அசைவை, கூட்டிக்கொண்டே போனபோது இது அவர் காதில் விழுந்தது. அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளிடம் காட்டினார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யமஹாக்காரர்களுக்குப் புரிந்தது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். ஒரு நாள் மத்தியானம் ஒரு மெல்லிசைக் குழுவின் கீபோர்ட் வாசிப்பவர் வந்தார். பேட்டரி தீரப்போகிறது, மாற்றிக் கொடுங்கள் என்றார். ஏழு மணிக்குக் கச்சேரி. சேமித்த சத்தங்களைக் காப்பாற்றுவதே அந்தப் பேட்டரிதான், அதைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். நான் பாட்டுக்கு எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். அவர் சுவிட்சைப் போட்டார். 32 சத்தமும் காலி. சத்தங்களைத் தனியாகச் சேமிக்கும் கார்ட்ரிட்ஜில் எடுத்து வைத்திருக்கிறாரா என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மற்றது போனால் போகிறது, அதில் மாதக்கணக்கில் உட்கார்ந்து அவரே உருவாக்கிய நாதஸ்வரம் இருந்தது.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு வரி டிஸ்பிளேயைப் பார்த்துக்கொண்டே, ஒரே ஒரு ஸ்லைடரால் எண்களை ஒவ்வொன்றாக ஞாபகத்திலிருந்து ஏற்ற ஆரம்பித்தார். மெஷின் மறந்ததை அவர் விரல் மறக்கவில்லை. ஆறு மணிக்கு ஒரு ஸ்வரம் பிடித்துக் காட்டி, "சீவாளி கொஞ்சம் நனையல, பரவாயில்ல" என்றார். அன்றிலிருந்து கார்ட்ரிட்ஜ் கேட்காமல் நான் எந்த மெஷினிலும் பேட்டரியைத் தொட்டதில்லை.

* * *

நான் அகமதாபாத்தில் என்ஐடி என்ற தேசிய வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவன். 1969-இல் அந்த வளாகத்துக்கே ஒரு மோக் மாடுலர் (தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைக்கும் சிந்தசைசர்) வந்திருக்கிறது, அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்திருக்கிறார், கீதா சாராபாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றவர்கள் அதில் இசையமைத்திருக்கிறார்கள். படித்த காலத்தில் எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அங்கேயே கிடந்த டேப்களை பால் பர்கஸ் என்ற கலைஞர் தேடியெடுத்து, 2023-இல் தொகுப்பாக வந்த பிறகுதான் கேட்டேன். நாலு வருஷம் அதே வராந்தாவில் டீயோடு நடந்திருக்கிறேன்!

* * *

ரிப்பேர்க்கார சார், காபி குடித்தவன்தான் பேசுகிறேன், கல்யாணப் பேச்சை ஒப்புக்கொள்கிறேன். என் பையனிடம் டிஎக்ஸ்7 சாஃப்ட்வேராக இருக்கிறது. அந்த நாதஸ்வரம் எந்த அல்காரிதம் (ஒலி அலைகளை உள்ளே இணைக்கும் முறை) என்று ஞாபகம் இருக்கிறதா?

* * *

22. உள்ளே வரும் பிராஸ் சத்தத்துக்கும் அதேதான், அதிலிருந்துதான் பிடித்தார். மற்ற எண்கள் ஞாபகம் இல்லை. அவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிக் கேட்டு எழுதுகிறேன்.