‘ரெண்டரிங்’: ‘வார்ப்பு’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இணையப்பக்கத்தின் கோப்பை உலாவி திரையில் பக்கமாக ஆக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘ரெண்டரிங்’ என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில், முந்தைய மடலில் நண்பர் ஒருவர் ‘காட்சியாக்கம்’ என்றார். தரவைப் படமாக வரைவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது; இரண்டுக்கும் ஒன்றே என்றால் சிக்கல். நான் ‘வார்ப்பு’ என்று முன்வைக்கிறேன்.

போன வாரம் ஒரு பக்கத்தில் ஓரப்பட்டைக்கு அகலம் 300 பிக்சல், உள்ளே இருபுறமும் இடைவெளி 20 பிக்சல் என்று எழுதியிருந்தேன். கோப்பை எழுதும் தொகுப்பியின் (எடிட்டர்) முன்தோற்றத்தில் கச்சிதமாக இருந்தது. குரோமில் திறந்தால் பட்டை 340 ஆகி, பக்கத்துப் பத்தியைக் கீழே தள்ளிவிட்டது. என்னிடம் வேலை கற்கும் தம்பி, “ஏன் அண்ணா இப்படி?” என்று கேட்டான். தமிழில் விளக்கப் போனால் வினைச்சொல்லே கிடைக்கவில்லை. ‘காட்டுகிறது’ என்றால் கோப்பில் இருப்பதை அப்படியே எடுத்து நீட்டுவது போலாகிறது. உலாவி அதற்கு முன் எவ்வளவோ செய்கிறது: உரையையும் பாணியையும் எழுத்துருவையும் சேர்த்து, ஒவ்வொரு பெட்டிக்கும் அளவு கணக்கிட்டு, இடம் ஒதுக்கி, அப்புறம்தான் திரையில் தீட்டுகிறது.

தோசை வார்ப்பதுதான் நினைவுக்கு வந்தது. மாவு ஒன்றானாலும் கல்லுக்குக் கல் தோசை மாறும். உலாவிக்குள் இந்த வேலையைச் செய்யும் நிரல்தான் இங்கே கல். குரோமில் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸில் கெக்கோ, சஃபாரியில் வெப்கிட்: மூன்றும் மூன்று ‘வார்ப்பிகள்’. என் விஷயத்தில் கல்லும் ஒன்றுதான், அந்தத் தொகுப்பிக்குள்ளும் பிளிங்க்தான். ஆனால் முன்தோற்றம் தன் சொந்தப் பாணித்தாளையும் (தோற்ற விதிகள் அடங்கிய கோப்பு) கலந்து வார்த்திருக்கிறது. அதில் ‘பார்டர்-பாக்ஸ்’ என்று ஒரு வரி இருந்ததால் இடைவெளியும் 300க்குள் அடங்கிவிட்டது. என் கோப்பில் அந்த வரி இல்லை. உலாவி 40ஐ வெளியே கூட்டியது. “நம் மாவில் வேறு யாரோ உப்புப் போட்டிருக்கிறார்கள்” என்றேன். தம்பிக்குச் சட்டென்று பிடிபட்டது.

எழுத்துருவும் இப்படித்தான். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று மாறும்போது, ஒரே தலைப்பு ஓரிடத்தில் ஒரு வரியாகவும் இன்னோரிடத்தில் இரண்டு வரியாகவும் வார்க்கப்படலாம்.

சரி, டெம்ப்ளேட்டுக்கு ‘வார்ப்புரு’ இருக்கிறதே, குழம்பாதா? குழம்பாது என்றே நினைக்கிறேன். வார்ப்புரு என்பது அச்சு, வார்ப்பு என்பது செயல். ஈய எழுத்துகளை வார்த்த காலத்திலேயே அச்சுத்தொழிலில் இருந்த சொல் இது, பக்கத்தோடு பழைய உறவுள்ளது.

‘பக்கத்தை வார்க்கிறது’, ‘மீள்வார்ப்பு’, ‘வார்ப்பி’ மூன்றையும் உங்கள் ஆவணங்களில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். ‘வார்ப்பி’யில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம், ‘வார்ப்புப்பொறி’ என்று விரித்தால் இன்னும் தெளிவாக இருக்குமா?