நகோயா கோட்டை: கான்கிரீட்டை இடித்துவிட்டு மரத்தில் கட்டலாமா?

கற்சுவடு:
ஜப்பானின் நகோயா நகரில், அந்நாட்டை ஆண்ட தொகுகாவா இயெயாசு கட்டளையிட்டு 1612-இல் எழும்பிய கோட்டையின் நடுக் கோபுரம் 1945 மே 14 குண்டுவீச்சில் எரிந்துபோனது. இப்போது நிற்பது 1959-இல் கட்டிய கான்கிரீட். பெரிய நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்று 2018 மே முதல் உள்ளே யாரையும் விடுவதில்லை. பழையபடி மரத்திலேயே கட்ட மாநகராட்சி திட்டம் போட்டிருக்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன். போருக்கு முன்பே அளந்து வரைந்த 309 வரைபடங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. இவ்வளவு ஆதாரம் இருந்தும் கட்டாமல் விட்டால் எப்படி?

மாடிப்படி:
வரைபடம் இருக்கிறது, சரி. ஆனால் கோபுரம் யாருக்கு? 2016-இல் சக்கர நாற்காலியில் அம்மாவை அழைத்துப் போனேன். வெளியே ஒரு லிஃப்ட், உள்ளே இன்னொன்று. ஐந்தாம் தளம் வரை ஏறினோம். பழைய அமைப்பு கெடும் என்று மரக் கோபுரத்தில் லிஃப்ட் வேண்டாம் என 2018-இல் மாநகராட்சி சொன்னது. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் கொதித்ததில் என்ன தவறு?

கற்சுவடு:
அம்மா பார்த்தது கோட்டையின் உட்புறம் இல்லையே, அது ஒரு அருங்காட்சியகம். உச்சித் தள ஜன்னல்களைக்கூட வேடிக்கை பார்க்க வசதியாகப் பெரிதாக்கிவிட்டார்கள். பக்கத்திலேயே ஹொன்மாரு அரண்மனை இருக்கிறது. அதுவும் 1945-இல் எரிந்ததுதான். 2018-இல் மரத்தில் முழுதாக மீண்டுவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் ஹினோக்கி மர வாசனை வந்தது. நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அடித்தளம்:
இரண்டு பேரும் மேலேயே பார்க்கிறீர்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள். அங்கே உண்மையிலேயே பழையது கல் அடித்தளம்தான். கதோ கியோமசா என்ற பிரபு கட்டியது. மூலைக்கற்களில் அவருடைய ஆட்களின் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. 1945 நெருப்பில் வெடித்த கற்களும் அதே சுவரில்தான். கான்கிரீட் கோபுரத்தின் பாரம் அந்தச் சுவரில் இறங்குவதில்லை, தனி அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். இடிக்கும்போது அந்தக் கற்களுக்கு என்ன ஆகும் என்பதே என் பயம். அப்புறம், கான்கிரீட்டை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். கோபுரம் எரிந்ததைக் கண்ணால் பார்த்த ஊர், நன்கொடை திரட்டி எழுப்பியது அது.

கற்சுவடு:
கற்களைப் பற்றிச் சொன்னது நியாயம். முதலில் சுவரை முழுதாக ஆய்வு செய்து சரிசெய்யட்டும், மரவேலை காத்திருக்கலாம். லிஃப்ட் விஷயத்தில் மட்டும் என் மனம் மாறவில்லை.

மாடிப்படி:
என் மனமும்தான். 1612-இல் தீயணைப்புக் குழாயும் கிடையாது. புதிய மரக் கோபுரத்தில் அதை வைக்காமலா இருக்கப் போகிறார்கள்? அதற்கு இடம் உண்டென்றால் என் அம்மாவுக்கும் உண்டு.