தண்ணீர் பலூன்: பொறுக்கி எடுத்தால் போதுமா?

நீரோடை:
வெயில் ஏறியதும் பிள்ளைகள் முதலில் கேட்பது தண்ணீர் பலூனைத்தான்; பல கோடைகளாக நானும் மறுக்காமல் வாங்கிக் கொடுத்தவள்தான். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஏறத்தாழ 100 பலூன்களை எறிந்து விளையாடி முடித்த பிறகு, நான் மண்டியிட்டுப் புல்லை விலக்கித் துண்டுகளைப் பொறுக்கினேன். பெரிய துண்டுகள் எளிதாகக் கைக்கு வந்தன. ஆனால் விரல் நகத்தைவிடச் சிறிய, ஓரம் சுருண்ட துண்டுகள் ஈரப்புல்லின் அடியில் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. அவற்றுள் பச்சை நிறத் துண்டுகளைக் கண்ணால் காண முடியாமல் விரலால் தடவித்தான் எடுத்தேன். எல்லாம் எடுத்தாயிற்று என்று நம்பியிருந்த இடத்தில், இரண்டு நாள் கழித்து மேலும் 7 துண்டுகள் கிடைத்தன.

முன்பெல்லாம் ஒவ்வொரு பலூனாகக் குழாய் வாயில் மாட்டி, நிரப்பி, வழுக்கும் விரல்களால் முடிச்சுப் போட வேண்டியிருந்ததால், 20 பலூன் நிரம்புவதற்குள் பிள்ளைகளின் பொறுமையே தீர்ந்துவிடும். 2014இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி திரட்டி அறிமுகமான ‘பஞ்ச் ஓ பலூன்ஸ்’, கொத்தாகவே நிரப்பித் தானாகவே வாயடைத்துக்கொள்ளும் வகையாக வந்து, 100 பலூனை ஒரு நிமிட வேலையாக்கிவிட்டது. எண்ணிக்கைக்கு இருந்த ஒரே கடிவாளம் அந்தச் சிரமம்தான் என்பது என் எண்ணம். இந்த விளையாட்டை அடியோடு விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பம்பரம்:
மாற்றுக் கருத்து எனக்கு உண்டு அம்மா. முதலில், நீங்கள் சொல்லாவிட்டாலும் பலர் சொல்லும் ‘தண்ணீர் வீண்’ என்ற குற்றச்சாட்டை ஒதுக்கிவிடுகிறேன். ஒரு பலூனில் 150 மில்லிலிட்டர் பிடித்தால் 100 பலூனுக்கு 15 லிட்டர்தான் ஆகும். நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் இரண்டு நிமிடம் நிற்பதைவிடக் குறைவான தண்ணீர் அது.

இந்த விளையாட்டில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் பலூன் அந்தக் கணமே உடையும். வருகிற வேகத்தோடு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தாங்கினால் உடையாமல் உள்ளங்கையில் அமரும். நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் கூடினால் தாக்கும் விசை குறையும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதற்கு முன்பே ஆறு வயதுப் பிள்ளையின் கை அறிந்துகொள்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, இயற்கை ரப்பரால் ஆன, மக்கிப்போகும் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிற ஒரு பொருளை ஏன் விலக்க வேண்டும்?

நீரோடை:
அந்த உறையில் இருக்கும் சொல்லைத்தான் நான் நம்ப மறுக்கிறேன். மரத்திலிருந்து வடிகிற பால் வேறு; கந்தகம், நிறமி, கெடாமல் காக்கும் சேர்மானங்கள் ஆகியவற்றோடு பதப்படுத்தப்பட்டு வருகிற பலூன் வேறு. டாஸ்மேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ‘மக்கும்’ என்று விற்கப்பட்டவை உள்ளிட்ட ரப்பர் பலூன்களை நன்னீரிலும் உப்புநீரிலும் தொழில்முறை உரக்குவியலிலும் 16 வாரம் வைத்துப் பார்த்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு மாதத்துக்குப் பிறகும் பெரும்பாலானவை உருவத்தையும் அளவையும் இழக்காமல் இருந்தன. 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு 1,733 கடற்பறவைகளை ஆராய்ந்து, பலூன் துண்டை விழுங்கிய பறவை இறப்பதற்கான வாய்ப்பு, கடினப் பிளாஸ்டிக் துண்டை விழுங்கியதைவிட 32 மடங்கு அதிகம் என்று கண்டது. ரப்பர் மென்மையானது என்பதுதான் காரணம். வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு உணவு செல்லும் வழியை அடைத்துவிடுகிறது.

பம்பரம்:
இரண்டாவது ஆய்வு பலூன் குப்பை முழுவதையும் பற்றியது என்பதைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வாயு அடைத்து வானில் பறக்கவிடப்படும் பலூன் காற்று கொண்டுபோகும் இடமெல்லாம் போய் விழும். தண்ணீர் பலூனோ எறிந்தவர் கண் முன்னே, சில அடி தொலைவில் உடைகிறது. ஒன்றின் பழியை மற்றொன்றின் மீது சுமத்துவது நியாயமாகாது. முதல் ஆய்வை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். மக்கிப்போகும் என்று இனி சொல்ல மாட்டேன்.

நீரோடை:
உடையும் இடம் கண் முன்னே என்பது உண்மைதான். ஆனால் அன்றிரவு ஒரு மழை பெய்தால் அந்தத் துண்டு வடிகாலுக்குப் போகும். வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெண்சங்கு:
நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலி. இருவரும் மண்ணையும் பறவையையும் பற்றியே பேசுவதால் இடையில் நுழைகிறேன். உடைந்த ரப்பர்த் துண்டும், ஊதாத பலூனும் சிறு குழந்தையின் வாய்க்குப் போனால் மற்றப் பொருள்களைப் போல் நடந்துகொள்வதில்லை. மெல்லிய ரப்பர், தொண்டையின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து மூச்சுக்குழாயின் வாயில் மூடிபோல் படிந்துவிடும். முதுகில் தட்டினாலும் எளிதில் வெளிவராது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலூன் உறைகளில் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான எச்சரிக்கை கட்டாயமாக இருப்பது இதனால்தான். அண்ணன்மார் எறிந்து விளையாடிய புல்வெளியில் மறுநாள் தவழப்போவது கைக்குழந்தை என்பதை நினைத்துப் பாருங்கள்.

கவண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இருவர் இரு முனையைப் பிடிக்க, மூன்றாமவர் இழுத்துவிடும் பெரிய கவண்களைத் தண்ணீர் பலூனுக்கென்றே விற்கிறார்கள். 200 மில்லிலிட்டர் பிடித்த பலூனின் எடை 200 கிராம். கிரிக்கெட் பந்தோ 163 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளை கையால் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்தால் அதில் இருப்பது 10 ஜூல் ஆற்றல். கவண் அதையே 30 மீட்டர் வேகத்தில் விட்டால் வேகம் மூன்று மடங்கானாலும் ஆற்றல் 9 மடங்காகி 90 ஜூலாகிறது. அது கண்ணில் பட்டால் ‘வெறும் தண்ணீர்தானே’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையால் எறிவதை நான் எதிர்க்கவில்லை. கவணை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

பம்பரம்:
கவண் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பலூனே வேண்டாம் என்பதையும் மறுக்கவில்லை.

மீன்கொத்தி:
இவ்வளவு வாதம் எதற்கு? திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய சிலிகான் பந்துகள் கிடைக்கின்றனவே! வாளியில் அமிழ்த்தி எடுத்தால் நிரம்பிவிடும், பட்ட இடத்தில் திறந்துகொள்ளும், குப்பையே இல்லை.

வெண்சங்கு:
அவற்றுள் பல, விளிம்பில் பதித்த சிறு காந்தங்களால் மூடிக்கொள்பவை. சிலிகான் கிழிந்து காந்தம் வெளியே வந்து, ஒரு குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து இடையிலுள்ள சதையை நசுக்கித் துளையிட்டுவிடும். காந்தம் இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். காந்தம் உள்ளதை ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஒவ்வொரு முறையும் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்த பிறகே கொடுங்கள்.

நீரோடை:
நான் பழைய பருத்தித் துணியைக் கீற்றுகளாகக் கிழித்து நடுவில் இறுகக் கட்டிப் பந்தாக்கினேன். தண்ணீரில் தோய்த்து எறிந்தால் நன்றாகவே நனைக்கிறது. விளையாடி முடித்ததும் பிழிந்து வெயிலில் உலர்த்தாவிட்டால் நாற்றம் வரும். குறை அது ஒன்றுதான்.

பம்பரம்:
துணிப்பந்து நனைக்கும், உடையாது. உடையுமோ உடையாதோ என்ற அந்தப் பதைப்புக்காகத்தான் பிள்ளைகள் பலூனைக் கேட்கிறார்கள், அதற்கு ஈடாக வேறொன்றை இதுவரை நான் காணவில்லை. எனவே ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு பலூனுக்கும் ஒரு கழுத்து உண்டு. 30 பலூன் கொடுத்தால் 30 கழுத்துகள் திரும்பி வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் விதி வைத்துவிட்டால் இடம் சுத்தமாகிவிடும் அல்லவா?

நீரோடை:
கழுத்துதான் பலூனில் தடிமனான பகுதி. அது தொலைவதே இல்லை. தொலைவது மெல்லிய உடற்பகுதி. உங்கள் கணக்கில் 30 கழுத்தும் வந்து சேர்ந்த பிறகும் புல்லில் துண்டுகள் இருக்கும். ஒரே ஒரு பலூனின் துண்டுகளை வெள்ளைத் துணியில் பரப்பிப் பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பம்பரம் (மூன்று நாள் கழித்து):
நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். புல்மீது ஒரு தார்ப்பாயை விரித்து, அதன் நடுவில் 10 பலூன்களைப் பிள்ளைகளைக் கொண்டு எறியச் செய்தேன். 10 கழுத்துகளும் கிடைத்தன. 6 பலூன்கள் ஒரே துண்டாகக் கிழிந்திருந்தன. மற்ற 4 பலூன்களும் சேர்ந்து 17 துண்டுகளாகியிருந்தன. அவற்றுள் 5 துண்டுகள் தார்ப்பாயைத் தாண்டிப் புல்லில் கிடந்தன. நிறம் பிரித்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்திராவிட்டால் அந்த ஐந்தையும் நான் தேடியே இருக்க மாட்டேன். கழுத்தை எண்ணினால் போதும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் விளையாட்டை விடப்போவதில்லை. கொத்து வகையை நிறுத்திவிட்டு, கையால் முடிச்சுப் போடுவதில் 20 பலூன், இன்னும் அகலமான தார்ப்பாய், புல்லில் எளிதாகத் தெரியும் சிவப்பு நிறம் மட்டும் என்று வைத்துக்கொள்ளப் போகிறேன்.

நீரோடை:
பொருத்திப் பார்த்து மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. 10 பலூனுக்கு 5 துண்டு வெளியே போகிறது என்றால், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் 50 துண்டுகள் போயிருக்கலாம். நான் பிறகு கண்டெடுத்தது 7. மீதியைத் தேடி இன்று காலையும் புல்லைத் தடவிப் பார்த்தேன், இரண்டு கிடைத்தன. எங்கள் வீட்டில் இந்தக் கோடைக்குத் துணிப்பந்துதான்.