குழுமங்களில் காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அஸ்தம்பட்டி விளம்பரக்காரர்:

ரெடிட், கோரா போன்ற கலந்துரையாடல் தளங்களில் காசு கொடுத்து விளம்பரம் செய்தால் பயன் உண்டா என்று நம் ஊர் வியாபாரிகள் அடிக்கடி கேட்பதால், ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றுக்காக நான் நடத்திய விளம்பரங்களில் கண்டதை இங்கே பதிகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இத்தளங்களில் விளம்பர இடம் ஏலமுறையில் விற்கப்படுகிறது. ஆயிரம் முறை காட்டுவதற்கு இவ்வளவு என்றோ, ஒரு சொடுக்குக்கு இவ்வளவு என்றோ நாம் தொகை குறிப்பிடலாம். ரெடிட்டில் எந்தெந்தக் குழுமத்தினருக்குக் காட்ட வேண்டும், எந்த ஊரில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியும். கோராவில் தலைப்பு வாரியாகவும், குறிப்பிட்ட கேள்விகளின் பக்கத்தில் வருமாறும் அமைக்கலாம். ஃபேஸ்புக்கில் நிலைமை வேறு: ஒரு குறிப்பிட்ட குழுவின் உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டும் வசதி அங்கே விளம்பரதாரருக்குக் கிடையாது. இந்த வேறுபாடு தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு என்னிடம் வந்து வருந்தியவர்கள் உண்டு.

தோட்டக்காரருக்கு இருந்த பெரிய தயக்கம் பின்னூட்டத்தைப் பற்றியது. ரெடிட் விளம்பரத்தின் கீழ் பின்னூட்டத்தைத் திறந்து வைப்பதும் மூடி வைப்பதும் விளம்பரதாரரின் விருப்பம். "நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், மூடிவிடுங்கள் தம்பி" என்றார். திறந்தே வைக்கலாம் என்று நான் வற்புறுத்தினேன். காரணம், குழுமத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் படத்தைப் பார்த்து வாங்குவதில்லை, கீழே நடக்கும் பேச்சைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

முதலில் வந்த கேள்வியே "சிக்கரி எத்தனை சதவீதம்?" என்பதுதான். தமிழர் வீட்டு ஃபில்டர் காபியில் பிறக்கும் முதல் சந்தேகம் அது. காபி–சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும், கலவை விகிதத்தைப் பையின் மேல் அச்சிட வேண்டும் என்பதும் உணவுப் பாதுகாப்பு விதி. தோட்டக்காரர் களத்தில் பார்ச்மென்ட், அதாவது மேல்தோல் நீக்கிய, உள் ஓடு நீங்காத காபிக் கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் அது; அங்கிருந்தே பையின் பின்புறத்தைப் படம் பிடித்து, சிக்கரி சேர்க்காத பை ஒன்றும் காபி 80, சிக்கரி 20 என்ற விகிதத்தில் கலந்த பை ஒன்றும் இருப்பதாகப் பதில் எழுதினார். படத்தில் வறுத்த தேதியின் முத்திரை பாதி அழிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், "தேதியை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று கேட்டார். உடனே வேறொரு பையை எடுத்து, தேதி தெளிவாகத் தெரியும்படி இன்னொரு படம் போட்டார். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் வாங்குகிறவர்களின் கேள்விகளாகவே இருந்தன: பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) தனியாகக் கிடைக்குமா, பெங்களூருக்குக் கூரியர் எவ்வளவு, அரைக்காமல் கொட்டையாக அனுப்புவீர்களா.

கணக்குப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சுட்டியைத் தட்டி வந்தவர்களின் எண்ணிக்கையும் விற்பனையும் பொருந்தவே இல்லை. ஏனெனில் பலர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பெயரைத் தனியாகத் தேடியோ, வாட்ஸப் எண்ணுக்கு நேரே எழுதியோதான் வாங்கினார்கள். அதனால் ஒவ்வொரு குழுமத்துக்கும் தனித்தனித் தள்ளுபடிக் குறியீடு கொடுத்தோம். எந்த விளம்பரத்திலிருந்து வந்தார்கள் என்று காட்ட சுட்டியின் முடிவில் சேர்க்கும் யூடிஎம் ஒட்டுகளும் சேர்த்தோம் என்றாலும், குறியீடு சொன்ன கதைதான் நம்பும்படி இருந்தது. ஆள் அதிகம் உள்ள பொதுவான ஊர்க் குழுமங்களில் சொடுக்குகள் குவிந்தன, விற்பனை இல்லை. காபி பேசுகிறவர்கள் மட்டும் கூடும் சிறிய குழுமத்தில் ஏலத்தொகை கூடுதலாக இருந்தும் செலவழித்த பணம் அங்கிருந்துதான் திரும்பி வந்தது.

நாகலூர் விடுதிக்காரர்:

ஏற்காட்டில் சிறிய தங்கும் விடுதி நடத்துபவன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன், தம்பி. சேலத்துக்காரர்களுக்கு விடுதி விளம்பரம் காட்டுவது வீண் செலவு. அவர்கள் காலையில் மலை ஏறி, ஏரியைச் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். பெங்களூரு, சென்னை ஆகிய இரண்டு ஊர்களுக்கு மட்டும் என்று சுருக்கிய பிறகுதான் அறை கேட்டு ஆட்கள் வந்தார்கள். மே மாதக் கோடை விழாவின்போது விளம்பரத்தை நிறுத்திவிடுகிறேன், ஏனென்றால் அப்போது விளம்பரம் இல்லாமலேயே அறைகள் நிரம்பிவிடும். சாரலும் பனிமூட்டமும் இருக்கிற ஆகஸ்ட், செப்டம்பரில்தான் பணம் போடுகிறேன்.

இன்னொன்று, பயணக் குழுமம் ஒன்றில் விடுதியைப் பற்றி நானே எழுதிய பதிவை, சுயவிளம்பரம் கூடாது என்ற விதியைக் காட்டி நிர்வாகிகள் நீக்கினார்கள். அதே குழுமத்தினருக்கு என் கட்டண விளம்பரம் மட்டும் தொடர்ந்து காட்டப்பட்டது. "நேற்று நீக்கியதை இன்று காசு கொடுத்துக் கொண்டுவந்துவிட்டாரே" என்று ஒருவர் கேலி செய்தார். விளம்பரத்தை முடிவு செய்வது தளம், குழும விதிகளைக் காப்பது தன்னார்வ நிர்வாகிகள் என்பது பலருக்குத் தெரியாததால் கோபம் நம் மேல்தான் திரும்புகிறது. நான் வாதம் செய்யவில்லை. "அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள், மலையில் ஓட்டிப் பழக்கமில்லை, குப்பனூர் வழி எப்படி?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவருக்கு அந்தச் சாலையின் அன்றைய நிலைமை, எங்கே அகலம் குறைவு, மழையில் எப்படி இருக்கும் என்று விரிவாக எழுதினேன். கேலி செய்தவரே அதன் கீழ் நன்றி சொல்லிவிட்டுப் போனார். விளம்பர வாசகத்தை விட அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் தொலைபேசியில் அழைத்ததாகப் பிறகு வந்த விருந்தினர்கள் சொன்னார்கள்.

சிவதாபுரம் கொலுசுப் பட்டறை:

அண்ணன்கள் இருவரும் தளத்துக்குப் பணம் கட்டியதைச் சொல்கிறீர்கள். என்னிடம் பணம் கேட்டது ஒரு குழுவின் நிர்வாகி. பெண்கள் நிறைய இருக்கும் அந்தக் குழுவில், எங்கள் கொலுசை அவரே வாங்கி அணிந்து மகிழ்ந்தது போல் எழுதி மேலே நிறுத்தி வைப்பதாகவும், விளம்பரம் என்று எங்கும் குறிப்பிட வேண்டாம் என்றும் சொன்னார். திண்ணையில் பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்கு நடுவே கூலிக்கு ஆள் உட்கார வைப்பது போன்ற வேலை அது, எனக்கு ஒப்பவில்லை. காசு வாங்கிக்கொண்டு எழுதும் பதிவில் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2021-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான வழியில் இட்டுச்செல்லும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், விஷயம் வெளியே தெரிந்தால் கெடுவது பட்டறையின் பெயர், நிர்வாகியின் பெயரல்ல.

நேரான விளம்பரத்தில் எங்களுக்கு வந்த கேள்விகள் "எத்தனை டச்?" (வெள்ளி எவ்வளவு தூய்மையானது என்பதன் அளவு), "பழைய வெள்ளி எடுத்துக்கொள்வீர்களா?" என்பவை. வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறுவதால் ஜோடி இன்ன விலை என்று படத்தில் அச்சிட்டால், மறுநாளே அது பொய்யாகிவிடுகிறது. அதனால் எடை, டச், செய்கூலி ஆகியவற்றை மட்டும் அச்சிட்டு, வெள்ளிக்கு அன்றைய விலை என்று எழுதுகிறோம். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனிக் குறியீட்டுடன் ஹால்மார்க் முத்திரை விருப்ப அடிப்படையில் வந்திருப்பதால், அதைப் பற்றியும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒன்று கேட்கிறேன்: வெளிநாட்டுத் தளத்துக்குப் பணம் கட்டினால் தனியாக வரி பிடிக்க வேண்டும் என்று எங்கள் கணக்கர் பயமுறுத்துகிறார், உண்மையா?

அஸ்தம்பட்டி விளம்பரக்காரர்:

அக்கா, அவர் சொல்வது பழைய சமன்படுத்தும் வரியாக இருக்கும். இந்தியாவில் அலுவலகம் இல்லாத வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆண்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விளம்பரத்துக்காகக் கட்டினால் 6 சதவீதம் பிடித்துச் செலுத்த வேண்டும் என்று 2016-ல் வந்தது; 2025 ஏப்ரல் 1 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. அதைத் தளமே பில்லில் சேர்க்கிறதா, பதிவு பெற்ற வியாபாரி என்ற முறையில் நீங்களே செலுத்தி, உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதை பில்லைக் காட்டிக் கணக்கரிடம் கேளுங்கள். பட்டறையின் ஜிஎஸ்டி எண்ணை விளம்பரக் கணக்கில் முதல் பணம் கட்டும் முன்பே பதிந்துவிடுங்கள். பில் வந்த பிறகு திருத்தித் தரச் சொல்லி அலைவது பெரிய பாடு.